வீடும் இல்லை, ஹோட்டலும் இல்லை: மலையகத்துப் போடிங்குகளுக்கு ஒரு சட்டம் வேண்டும்

இந்தப் பத்தியில் வழமையாக விலைவாசி, வரி, வங்கிக் கடன் என்று எழுதுவேன். இந்த வாரம் எனது சொந்தத் தவறொன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மலையக நகரமொன்றில் எனக்கு மூன்று தட்டுக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே கடை. நடுத்தட்டில் கடையில் வேலை செய்யும் பொடியன்கள் 6 பேர். மேல்தட்டைப் பலகை அடித்து அறைகளாகத் தடுத்து போடிங் கொடுத்திருந்தேன். அங்கே 14 பேர். இரவு ஒன்பது மணிக்குக் கடை ஷட்டரை வெளியால் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். வாப்பா காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். எங்கள் தெருவில் அநேகமான கடைகளில் இன்றும் இதுதான் வழக்கம். களவு போகக் கூடாது என்பதைத் தவிர வேறொன்றையும் நாம் யோசித்ததில்லை.

ஒரு ஜனவரி மாத இரவு, நல்ல குளிர். மேல்தட்டில் ஒரு பிள்ளை முகம் கழுவத் தண்ணீர் சூடாக்க வாளியில் கொயிலைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டது. தண்ணீர் வற்றி, பிளாஸ்டிக் வாளி உருகி, பலகைத் தடுப்பில் பிடித்துவிட்டது. பதினொன்றரைக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. சாரத்தோடு ஓடினேன். ஷட்டரைத் தூக்கியபோது 20 பேரும் படிக்கட்டிலே ஒருவர்மேல் ஒருவராக இருமிக்கொண்டு நின்றார்கள். நெருப்பை அவர்களே அணைத்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் அந்த இரவு வெளியூரில் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த வாரமே கட்டடத்தைச் சட்டப்படி ஒழுங்குபடுத்தி அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொள்வோம் என்று எமது உள்ளூராட்சி மன்றத்துக்குப் போனேன். விடயத்தைச் சொன்னதும் அங்கிருந்த எழுதுவினைஞர் தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"முதலாளி, இது வீடா, ஹோட்டலா?"

"இரண்டும் இல்லை தம்பி, போடிங்."

"அப்படி ஒன்று படிவத்தில் இல்லையே."

வீடு என்று போட்டால் அனுமதிப்பத்திரமே தேவையில்லை, சோலைவரி மட்டும் கட்டினால் போதும். ஆகவே எவரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். தங்குவிடுதி என்று போட்டால் வாகனத் தரிப்பிடம், வரவேற்பு அறை என்று ஒரு ஹோட்டலுக்குரிய அத்தனையையும் காட்ட வேண்டும். 14 கட்டில் போட்ட ஒரு மாடிக்கு அது நடக்கிற காரியமல்ல. "வீடு என்றே இருக்கட்டும் முதலாளி, உங்களுக்கும் தொல்லையில்லை, எங்களுக்கும் தொல்லையில்லை" என்றார் அந்தத் தம்பி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எமது பிரச்சினையே அந்த நல்லெண்ணம்தான் என்று எழுதத் தோன்றுகிறது.

போடிங்கில் இருப்பவர்கள் யார்?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் இன்று மேல்மாடிகளில் வசிப்பவர்கள் யாரென்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உயர்தரப் பரீட்சைக்கு டியூஷன் வகுப்புக்காகத் தோட்டங்களிலிருந்து வந்து தங்கும் மாணவர்கள். முதல் நியமனம் கிடைத்து வந்த ஆசிரியர்கள். ஆஸ்பத்திரித் தாதிமார். வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் வேலை செய்யும் இளைஞர்கள். அக்குறணை, மாவனல்லை, கம்பளைப் பக்கமிருந்து வந்து எமது கடைகளில் நிற்கும் எமது பிள்ளைகள். தோட்டத்து வேலை வேண்டாமென்று நகரத்துக்கு வந்த இளைஞர்கள். இவர்கள் யாரும் சுற்றுலாப் பயணிகள் அல்லர். மாதக் கணக்கில், வருடக் கணக்கில் இருப்பவர்கள். அவர்களுக்கு அது வீடு. எமக்கு அது வருமானம். சட்டத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

பெரிய நகரங்களில் இதற்குக் 'கோ-லிவிங்' என்று புதிய பெயர் வைத்து, வைஃபை போட்டு, படம் பிடித்து விளம்பரம் செய்கிறார்கள். பெயர்தான் புதிது. அறையைப் பகிர்ந்து, குளியலறையைப் பகிர்ந்து, சமையலைப் பகிர்ந்து வாழ்வது மலையகத்துக்குப் புதிதல்ல. இருநூறு வருடமாக இங்கே அதற்கு லயன் என்று பெயர்.

லயனைப் பற்றிப் பேசாமல் இந்த விடயத்தைப் பேச முடியாது. கோப்பிக் காலத்தில் கட்டத் தொடங்கி, தேயிலைக் காலத்திலும் தொடர்ந்த அந்தக் காம்பராக்களின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. ஒரு குடும்பம் முழுவதும் அதற்குள். நிலம் அரசுடையது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதில் வாழ்பவருக்கோ உறுதியும் இல்லை, உரிமையும் இல்லை. உள்ளூராட்சி மன்றமாவது எட்டிப் பார்த்ததா என்றால் அதுவும் இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்கே தடையாக நின்றது. அந்தத் தடையை நீக்கும் திருத்தம் 2018இல்தான் வந்தது. ஆக, மலையகத்தில் கூட்டாக வாழ்ந்த மக்களை மன்றங்களின் சட்டம் முப்பது வருடங்களுக்கு மேல் கணக்கிலெடுக்கவில்லை.

அதன் விலை என்னவென்று 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் பார்த்தோம். ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த லயன்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது நாடெங்கும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். மலையக மாவட்டங்கள் பட்ட பாட்டை நாமே கண்ணால் கண்டோம். அந்த நாட்களில் எமது பள்ளிவாசல்களிலும் கடைகளிலும் சமைத்துக் கொடுத்தோம், உடுதுணி கொடுத்தோம். அது எமது கடமை. ஆனால் தோட்டத்து லயனைப் பார்த்துக் கவலைப்படும் நாம், நகரத்திலே எமது மாடியில் ஒரு லயனை நடத்துகிறோமா என்று கேட்டுக்கொண்டோமா? என்னைக் கேட்டால், நான் நடத்தினேன்.

சட்டம் இப்போது என்ன சொல்கிறது?

சட்டமே இல்லை என்று சொல்வது தவறு. சட்டங்கள் நிறைய இருக்கின்றன. அவை போடிங்கைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் குறை. வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு விடயங்களைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, கட்டடம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர முன்னேற்றக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வரைபடத்துக்கு அனுமதி எடுக்க வேண்டும். கட்டி முடித்ததும் இணக்கச் சான்றிதழ், அதாவது நாம் சீ.ஓ.சி. என்று சொல்வதை, எடுத்த பின்னரே குடியிருக்க வேண்டும். எமது பழைய கட்டடங்கள் பலவற்றுக்கு அது இல்லை என்பது ஊரறிந்த இரகசியம்.

இரண்டாவது, பாவனை. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி, பிரகடனம் செய்யப்பட்ட பிரதேசங்களில் கட்டுவதற்கு மட்டுமல்ல, கட்டடத்தின் பாவனையை மாற்றுவதற்கும் அனுமதி தேவை. களஞ்சியமாக அனுமதி எடுத்த மேல்மாடியைப் பலகை அடித்து அறைகளாக்கினால், ஒரு செங்கல்கூட வைக்காவிட்டாலும், அது பாவனை மாற்றம்தான். வலயப் பிரச்சினையும் இங்கேதான் வருகிறது. குடியிருப்பு வலயத்தில் ஒரு வீட்டைப் போடிங் ஆக்கினால் அது இன்னமும் குடியிருப்பா, அல்லது வியாபாரமா? ஓர் அதிகாரி ஒன்று சொல்வார், அவர் மாறிப்போனால் அடுத்தவர் வேறொன்று சொல்வார். அண்டை வீட்டார் ஒரு பெட்டிஷன் போட்டால் அன்றைக்குத்தான் அது வியாபாரம் ஆகிறது.

மூன்றாவது, அனுமதிப்பத்திரம். பிரதேச சபைச் சட்டம் எழுதப்பட்டபோது கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியை வைத்து விதிக்கப்பட்ட அனுமதிக் கட்டணத்தின் உச்சவரம்பு 1,000 ரூபா. சுற்றுலாத் துறையில் பதிவு செய்த ஹோட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் முந்திய ஆண்டு வருமானத்தில் 1 வீதம் என்று தனிக் கணக்கு. இங்கும் பாருங்கள், சுற்றுலாப் பயணிக்குக் கணக்கு இருக்கிறது. மாதக் கணக்கில் இருக்கும் டீச்சருக்கு இல்லை.

நான்காவது, மலை. மண்சரிவு அபாயமுள்ள பத்து மாவட்டங்களில் கட்டடம் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை பெற வேண்டும் என்று 2011இல் சுற்றறிக்கை வந்தது. நுவரெலியா மாவட்டம் அதில் ஒன்று. ஆனால் இது புதிதாகக் கட்டும்போது கேட்கப்படுவது. ஏற்கெனவே கட்டிய வீட்டில் நான்கு பேர் இருந்த இடத்தில் நாற்பது பேரை வைத்தால், அதைக் கேட்பதற்கு ஒரு சந்தர்ப்பமே சட்டத்தில் வருவதில்லை. மண்மேட்டின் கீழே 4 பேர் தூங்குவதும் 40 பேர் தூங்குவதும் ஒன்றா?

மறைத்து வைப்பதில் இலாபமா?

"வீடு என்று இருப்பது நல்லதுதானே, செலவு மிச்சம்" என்று சிலர் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை.

வங்கியில் கட்டடத்தைக் காட்டிக் கடன் கேட்டால், போடிங் வருமானத்தை வருமானமாகக் காட்ட முடியாது. காப்புறுதி எடுக்கும்போது கடை, வீடு என்று எழுதிவிட்டு மேலே 14 பேரை வைத்திருந்தால், நெருப்புப் பிடித்த பின் கம்பனி பாவனையைக் கேட்கும். சொல்லாமல் விட்டது ஒன்றுக்காக முழு நட்டஈட்டையும் மறுக்க அதற்கு வழி இருக்கிறது. வாடகை தராமல் இருப்பவர்மேல் நியாயம் கேட்கவும் தயக்கம், ஏனென்றால் முதலில் எம்மைத்தான் கேள்வி கேட்பார்கள். இதற்கிடையில் யாராவது வந்து "கட்டடத்தில் ஒரு குறை இருக்கிறது" என்றால் கையில் ஏதாவது வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அனுமதிப்பத்திரக் கட்டணத்தைவிட அது அதிகம். அது ஹராம் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

மின்சாரக் கட்டணத்தையும் பாருங்கள். வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. மாதம் 180 அலகைத் தாண்டினால் உச்சப் படி. ஒரு குடும்பத்துக்காகப் போட்ட அந்தக் கணக்கில் 14 பேர் ஒரே மீட்டரில் இருந்தால், தலைக்கு 20 அலகு பாவித்தாலே 280 அலகு. சிக்கனமாக இருக்கும் ஏழைப் பிள்ளைகள் பங்களாக்காரரின் விலையில் மின்சாரம் வாங்குகிறார்கள். போடிங் என்றொரு வகை சட்டத்தில் இருந்தால், கட்டண வகுப்பிலும் ஓர் இடம் கேட்கலாம். இல்லாத ஒன்றுக்காக எதைக் கேட்பது?

நுவரெலியாவில் இன்னொரு கதை. ஏப்ரல் வசந்தகாலம் வந்தால், மாதம் முழுவதும் ஒரு கட்டிலுக்குக் கிடைக்கும் வாடகையை ஓர் அறை ஓரிரு இரவில் தந்துவிடும். அதனால் மார்ச் கடைசியில் "ஒரு மாதம் வேறெங்காவது இருந்துவிட்டு வாருங்கள்" என்று போடிங்காரரைக் கிளப்புகிறவர்கள் இருக்கிறார்கள். லீவில்லாத தாதியும் கடைப் பொடியனும் எங்கே போவது? எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, கேட்க முடியாது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், தவணை சொல்லிச் செய்யும் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது பற்றியது. முற்பணம் வாங்குகிற நாம், அதை ஒரு துண்டிலாவது எழுதிக் கொடுக்கிறோமா?

மற்ற நாடுகள் எப்படிச் செய்தன?

இது எமக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ், வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த 5 பேரோ அதற்கு மேற்பட்டோரோ சமையலறை, குளியலறையைப் பகிர்ந்து ஒரு வீட்டில் இருந்தால் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். முதலில் மூன்று மாடி வீடுகளுக்கு மட்டும் இருந்ததை 2018 ஒக்டோபரில் எல்லா வீடுகளுக்கும் விரிவாக்கினார்கள். படுக்கையறை ஒருவருக்கு 6.51 சதுர மீற்றர், இருவருக்கு 10.22 சதுர மீற்றர் குறையாமல் இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். பின்னது ஏறத்தாழ 110 சதுர அடி. எமது லயன் காம்பரா 120 சதுர அடி. அங்கே இருவர் தூங்கத் தேவையென்று சொன்ன இடத்தில், இங்கே மூன்று தலைமுறை வாழ்ந்திருக்கிறது.

சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளரின் தங்குமிடங்களுக்கென்று 2015இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது 1,000 கட்டிலுக்கு மேற்பட்ட பெரிய விடுதிகளுக்கு மட்டும் என்று இருந்தது. 2020இல் கொரோனா அந்த விடுதிகளுக்குள் புகுந்து பரவியபோது, நெருக்கமாக மனிதரை வைப்பதன் ஆபத்து உலகத்துக்கே தெரிந்தது. 2023 ஏப்ரலிலிருந்து 7 கட்டில் உள்ள இடம்கூட அந்தச் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் பெரிய விடுதிக்கும் சிறிய விடுதிக்கும் ஒரே சுமையை ஏற்றவில்லை. அளவுக்கேற்ப வகுப்புப் பிரித்தார்கள்.

இந்தியாவில் வீடா, ஹோட்டலா என்ற இதே கேள்வி வரிப் பிரச்சினையாக வந்தது. 2024 ஜூனில் ஜீ.எஸ்.டி. சபை ஒரு நேரான விடை சொன்னது. ஆளொருவருக்கு மாதம் 20,000 இந்திய ரூபாவுக்கு மேற்படாமல், தொடர்ச்சியாகக் குறைந்தது 90 நாட்கள் தங்கினால், அந்தத் தங்குமிடத்துக்கு வரிவிலக்கு. எவ்வளவு காலம் தங்குகிறார் என்பதே அளவுகோல். ஒரு மாநில அதிகாரியின் மனநிலை அளவுகோல் அல்ல.

இந்த மூன்றையும் சேர்த்தால் எமக்குத் தேவையான சட்டம் கிடைத்துவிடும். தலை எண்ணிக்கை, தங்கும் காலம், அறையின் அளவு. இவ்வளவுதான்.

பதிவு என்றால் பயம்

இங்கே ஒரு விடயத்தை ஒளிக்காமல் பேச வேண்டும். போடிங் பதிவு என்றதும் எமது மக்களுக்கும் தமிழ் மக்களுக்கும் வயிறு கலங்குவது நியாயமே. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2019 ஏப்ரல் 21க்குப் பின்னர், பெயரைக் கேட்டதும் "அறை இல்லை" என்று சொல்லப்பட்ட அனுபவம் எமது பிள்ளைகளுக்கும் உண்டு.

ஆகவே நான் கேட்பது ஆட்களைப் பதிவு செய்யும் சட்டமல்ல, இடத்தைப் பதிவு செய்யும் சட்டம். எத்தனை அறை, எத்தனை கட்டில், எத்தனை வாசல் என்பது மன்றத்துக்குத் தெரிய வேண்டும். யார் இருக்கிறார் என்ற புத்தகம் உரிமையாளரிடம் இருந்தால் போதும். பெயரையும் இனத்தையும் கேட்கும் சட்டமாக அது மாறினால், அதை முதலில் எதிர்ப்பவர்களாக நாம் இருக்க வேண்டும். அத்துடன், இனத்தைப் பார்த்து அறை மறுக்கப்பட்ட வேதனை தெரிந்த நாம், தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக ஒருவருக்கு அறை மறுக்கவும் கூடாது.

எனது யோசனை

மன்றங்களின் துணைவிதிகளில் 'போடிங்' என்று மூன்றாவது வகுப்பு ஒன்று வேண்டும். ஒரு மாதத்துக்குக் குறையாமல் தங்குபவர்களுக்கு வாடகைக்கு விடும் இடமே போடிங் என்று வரைவிலக்கணம் எழுதலாம். 5 பேர் வரை இருந்தால் அறிவித்தல் மட்டும் போதும், கட்டணம் வேண்டாம். 6 முதல் 20 பேர் வரை சிறிய வருடாந்தக் கட்டணமும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வருகை ஒன்றும். 20 பேருக்கு மேலென்றால் தீயணைப்பு, மின்சாரம், மண்சரிவு அறிக்கை மூன்றும். கடைப் பொடியன்களுக்குச் சும்மா கொடுக்கும் இடமும் இதே கணக்கில் வர வேண்டும். வாடகை வாங்கவில்லை என்பதால் நெருப்பு சும்மா விடாது.

குடியிருப்பு வலயத்தில் 20 பேர் வரையுள்ள போடிங்கை வீடாகவே கருத வேண்டும். வியாபார வலயத்தில் கடைக்கு மேலே குடியிருப்பதையும் அனுமதிக்க வேண்டும், ஆனால் கடை வழியாக அல்லாமல் தனி வாசல் இருக்க வேண்டும். ஏற்கெனவே நடக்கும் இடங்களுக்கு இரண்டு வருட அவகாசம். குற்றம் பிடிக்கும் நோக்கத்தில் வராமல், திருத்தும் நோக்கத்தில் வர வேண்டும்.

இதற்குப் பாராளுமன்றம் வரை போகத் தேவையில்லை. துணைவிதி இயற்றும் அதிகாரம் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எல்லாவற்றுக்கும் உண்டு. 1952ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க உள்ளூராட்சி மன்றங்கள் நியமத் துணைவிதிகள் சட்டம் என்ற ஒன்றும் இருக்கிறது. ஒரு மாதிரித் துணைவிதியைத் தயாரித்தால், ஒவ்வொரு மன்றமும் தீர்மானத்தின் மூலம் அதை ஏற்றுக்கொள்ளலாம். 2023 மார்ச்சில் கலைந்த மன்றங்களுக்கு 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. இரண்டு வருடங்களுக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் இருந்த ஆசனங்களில் இப்போது நாம் வாக்களித்தவர்கள் இருக்கிறார்கள். எமது வர்த்தக சங்கங்கள் அவர்களிடம் வீதி விளக்கும் வடிகானும் கேட்பதோடு நிற்காமல், இதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். சட்டம் வந்தால் செலவு வரும், செலவு வந்தால் வாடகை ஏறும், ஏறினால் ஏழைப் பிள்ளை எங்கே போகும்? நல்ல கேள்வி. இதனால்தான் சிறிய இடங்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்கிறேன். ஹோட்டல் சட்டத்தை அப்படியே போடிங் தலையில் கட்டினால் அந்தப் பயம் உண்மையாகிவிடும். நாம் முன்கூட்டிப் பேசாமல் இருந்தால், ஒரு விபத்துக்குப் பிறகு அவசரத்தில் வரும் சட்டம் அப்படித்தான் இருக்கும். இரண்டாவது மறுப்பு, அதிகாரிக்குக் கை நீட்ட இன்னொரு வழி திறக்கும் என்பது. விதி எண்ணிக்கையில் இருந்தால், யாரும் எண்ணிப் பார்க்கலாம். விதியே இல்லாத இடத்தில்தான் கை நீளுகிறது.

சட்டம் வரும்வரை

சட்டம் வர வருடங்கள் ஆகலாம். அதுவரை எமது பொறுப்பு காத்திருக்காது. எனது கட்டடத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். பெருமைக்காக அல்ல, செலவு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிவதற்காக. பின்பக்கமாக இரும்புப் படிக்கட்டு ஒன்று வைத்து, உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்கும் கதவு போட்டேன். வயரிங் முழுவதையும் மாற்றி, ட்ரிப் சுவிட்ச் பூட்டினேன். கொயிலைத் தடை செய்து, இரண்டு தட்டுக்கும் சுடுதண்ணீர் ஹீட்டர் வைத்தேன். குளிருக்கு மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு கதவிலும் எழுதி ஒட்டினேன். அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பலகைத் தடுப்பைக் கழற்றி, 14 கட்டிலை 10 ஆக்கினேன். எல்லோருக்கும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தேன், ஒரு மாத முன்னறிவித்தலோடு.

கட்டிலொன்று 7,000 ரூபாவாக, குறைந்த 4 கட்டிலில் மாதம் 28,000 ரூபா இழப்பு. படிக்கட்டுக்கும் வயரிங்குக்கும் போட்ட காசு திரும்பிவர இன்னும் நாளாகும். வியாபாரக் கணக்கில் இது நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 28,000 ரூபாவும் உண்மையில் எனது இலாபமாக இருந்ததில்லை. அந்தப் பிள்ளைகளின் மூச்சுக் காற்றை விற்று நான் எடுத்த காசு அது.

கட்டடத்துக்கு இன்னும் அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. படிவத்தில் இன்றும் இரண்டு பெட்டிதான் இருக்கிறது. மூன்றாவதைக் கேட்டு நான் கடிதம் கொடுத்திருக்கிறேன். ஒருவனுடைய கடிதம் கோவைக்குள் போகும், ஒரு நகரத்து வியாபாரிகள் அனைவரும் கையொப்பமிட்ட கடிதம் சபை மேசைக்குப் போகும். அதைச் சேர்ந்து செய்வோம், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன்னர், இன்றிரவு கடையைப் பூட்டும்போது மேலே அண்ணாந்து பாருங்கள். விளக்கு எரிகிறதென்றால், அவர்கள் வெளியே வர ஒரு வழியை விட்டுவிட்டுப் பூட்டுங்கள்.